ரெய்டு கன்ட்ரோலர்: "எழுதியாயிற்று" என்ற பதிலுக்கு எது பொறுப்பு?

தரவுத்தளம் ஒரு பதிவை வட்டில் எழுதச் சொல்லிவிட்டுக் காத்திருக்கிறது; அடுத்த கணமே "எழுதியாயிற்று" என்று பதில் வருகிறது. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் வன்வட்டில் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவினாடி ஆகும். வேண்டிய இடம் தலைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.2 மில்லிவினாடி, காத்திருக்க வேண்டும். தலை உரிய தடத்துக்கு நகரும் நேரம் தனி. ஆகவே, பதில் ஒரு மில்லிவினாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் வந்துவிட்டதென்றால், அந்தத் தரவு வட்டின் பரப்பை இன்னும் தொடவில்லை என்பது உறுதி. பல வட்டுகளைச் சேர்த்து ஒன்றாக இயக்க நடுவில் அமர்ந்திருக்கும் ரெய்டு கன்ட்ரோலர் அட்டையின் நினைவகத்தில் அது இருக்கிறது. வட்டின் சார்பில் பதில் சொன்னது அந்த அட்டைதான். கன்ட்ரோலரை அமைக்கும்போது திரையில் வரும் விருப்பங்கள் எத்தனையோ இருந்தாலும், அவற்றில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைத்தான் வெவ்வேறு வடிவில் கேட்கின்றன: மின்சாரம் போனாலோ வட்டு பழுதானாலோ, அந்தப் பதிலை மெய்யாக்கும் பொறுப்பு எதனிடம் இருக்கிறது? இந்தக் கேள்வியை விட்டுவிட்டு வேகத்தையும் கொள்ளளவையும் மட்டும் பார்த்துச் செய்யப்படும் அமைவுகள், முதல் பழுது வரும் வரை நன்றாகவே ஓடும்.

ரெய்டு என்ற ஏற்பாடே பழுதைப் பற்றிய ஒரு கணக்கிலிருந்துதான் பிறந்தது. 1988-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ரேண்டி காட்ஸ் ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, ஐபிஎம் 3380 போன்ற பெரிய வட்டு ஒன்றின் இடத்தில் தனிக்கணினிகளுக்கான 100 எம்பி வட்டுகள் பலவற்றை வைத்தால் என்ன என்று கேட்டது. விலையிலும் வேகத்திலும் அது ஆதாயமாகவே தெரிந்தது. ஆனால் சராசரியாக 30,000 மணி நேரம் உழைக்கக்கூடிய வட்டுகள் நூறைச் சேர்த்துவைத்தால், அவற்றுள் ஏதேனும் ஒன்று 300 மணி நேரத்துக்குள், அதாவது இரண்டு வாரம்கூட முடிவதற்குள், பழுதாகும் என்று எதிர்பார்க்க வேண்டும். இந்தத் தடையைத் தாண்டத்தான் மிகைத் தரவு தேவைப்பட்டது. அதை வைக்கும் முறைகளையே அவர்கள் ஒன்று முதல் ஐந்து வரையிலான நிலைகளாக வகுத்தார்கள். மிகைத் தரவே வைக்காத ரெய்டு 0, ரெய்டு 6 என்ற பெயர்கள் பின்னர் வந்து சேர்ந்தவை.

இன்று சர்வர்களில் காணப்படும் அட்டைகள் வெவ்வேறு பெயரில் வந்தாலும் அவற்றின் பூர்வீகம் சில நிறுவனங்களுக்குள் அடங்கிவிடும். மெகாரெய்டு வரிசை அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ் நிறுவனத்திடமிருந்து 2001-இல் எல்எஸ்ஐ-க்கும், 2014-இல் அவாகோவுக்கும் கைமாறியது. 2016-இல் பிராட்காமை வாங்கிய அவாகோ அந்தப் பெயரையே தனக்குச் சூட்டிக்கொண்டது. அடாப்டெக் வரிசை பிஎம்சி-சியேரா, மைக்ரோசெமி வழியாக 2018-இல் மைக்ரோசிப்பிடம் வந்தது. டெல் நிறுவனத்தின் பெர்க் அட்டைகள் பலவற்றின் உள்ளே இருப்பது மெகாரெய்டு சிப்தான். அதனால் ஒன்றுக்கான கட்டளைக் கருவியில் பழகியவருக்கு மற்றதும் அநேகமாகப் புரிந்துவிடும். பல வட்டுகளைச் சேர்த்துக் கன்ட்ரோலர் ஒரே வட்டாகக் காட்டுவதை ஒருவர் மெய்நிகர் வட்டு என்பார், மற்றொருவர் தருக்க வட்டு என்பார், குழம்ப வேண்டியதில்லை.

அட்டையைப் பொருத்துவது பத்து நிமிட வேலை. ஆனால் அதில் செய்யும் பிழைகள் பல மாதங்கள் கழித்தே வெளியே தெரியும் என்பதால் இரண்டு மூன்று இடங்களில் நின்று கவனிக்க வேண்டும். முதலாவது, பொருத்தும் ஸ்லாட். நீளத்தில் பதினாறு லேன் (தரவுப் பாதை) கொண்டதாகத் தோன்றும் ஸ்லாட்டில் மின்னிணைப்பு நான்கு லேன்களுக்கு மட்டுமே இருக்கலாம். அட்டை அதில் சிக்கலின்றி உட்கார்ந்துவிடும், இயங்கவும் செய்யும், ஆனால் எட்டு லேன் அட்டை என்றால் பாதி அகலத்தில் இயங்கும். பிசிஐ எக்ஸ்பிரஸ் மூன்றாம் தலைமுறையில் எட்டு லேன்கள் வினாடிக்கு ஏறத்தாழ 7.9 ஜிபி தரவைக் கடத்தும். வினாடிக்கு 250 எம்பி தரும் வன்வட்டுகள் எட்டு இருந்தால் மொத்தம் 2 ஜிபிதான். நான்கு லேன்களே அதற்குத் தாராளம். எட்டுப் பத்து எஸ்எஸ்டிகளைச் சேர்த்த பிறகுதான் ஸ்லாட்டின் குறுகல் உறைக்கத் தொடங்கும். இரண்டு செயலிகளுக்கான பலகைகளில் இன்னொரு சங்கதியும் உண்டு: சில ஸ்லாட்டுகள் இரண்டாவது செயலியுடன் இணைந்தவை, அந்தச் செயலி பொருத்தப்படாத சர்வரில் அவற்றில் செருகிய அட்டை கண்ணுக்கே தெரியாது. அட்டை பழுது என்று திருப்பி அனுப்புவதற்கு முன் பலகையின் கையேட்டைத் திறந்து பார்ப்பது நல்லது.

இரண்டாவது, காற்று. இந்த அட்டைகளில் மின்விசிறி இருப்பதில்லை. வெப்பம் கடத்தும் உலோகத் தகடு மட்டுமே இருக்கும். சர்வர் பெட்டியின் முன்பக்க விசிறிகள் தள்ளும் காற்று அதன் மேல் ஓடும் என்ற எண்ணத்தில் வடிவமைக்கப்பட்டவை அவை. பல அட்டைகளின் கையேடுகள் நிமிடத்துக்கு 200 அடி வேகக் காற்றோட்டம் வேண்டும் என்று கேட்கின்றன. அமைதியாக ஓட வேண்டும் என்று விசிறிகளின் வேகத்தைக் குறைத்த பெட்டியிலோ, மேசைக் கணினிப் பெட்டியிலோ அதே அட்டையைப் பொருத்தினால், பளு கூடும் நேரத்தில் சிப் சூடேறி வட்டுகள் காரணமின்றிக் கைவிடப்பட்டதுபோலத் தோன்றும். பழி வட்டின் மேலும் கேபிளின் மேலும் விழும்.

மூன்றாவது, கேபிள். எஸ்எஃப்எஃப்-8087, அதற்குப் பின் வந்த எஸ்எஃப்எஃப்-8643, அண்மைக்கால எஸ்எஃப்எஃப்-8654 என இணைப்பிகள் தலைமுறைக்குத் தலைமுறை மாறியிருக்கின்றன. முதல் இரண்டிலும் ஒவ்வொரு இணைப்பியும் நான்கு லேன்களைச் சுமக்கும். அத்தகைய இணைப்பிகள் இரண்டே உள்ள அட்டையில் எட்டு வட்டுகளுக்கு மேல் தேவைப்பட்டால், வட்டுகள் செருகப்படும் பின்தளப் பலகையில் அந்த லேன்களைப் பல வட்டுகளுக்குப் பகிரும் எக்ஸ்பாண்டர் சிப் இருக்க வேண்டும். இரண்டு கேபிள்களை இடம் மாற்றிச் செருகினாலும் வட்டுகள் எல்லாமே தெரியும், ஆனால் ஸ்லாட் எண்கள் இடம் மாறியிருக்கும். நான்காம் வட்டு என்று திரை சொல்வது பெட்டியில் பூஜ்ஜியம் என்று எழுதிய இடத்தில் இருக்கும். இதன் விலை என்ன என்பது, பழுதான வட்டை எடுக்கும் நாளில் தெரியும். அட்டையைப் பொருத்திய அன்றே ஒவ்வொரு வட்டின் இருப்பிட விளக்கையும் கன்ட்ரோலர் வழியாக ஒளிரச் செய்து, திரையில் உள்ள எண்ணும் பெட்டியில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று சரிபார்த்து, தொடர் எண்ணோடு குறித்துவைப்பவர்கள் குறைவு. ஆனால் இதைவிடப் பயனுள்ள அரைமணி நேர வேலை இந்த நிறுவலில் வேறு கிடையாது.

சாஸ், சாட்டா இரண்டும் வட்டுகளை இணைக்கும் முறைகள். சாஸ் கன்ட்ரோலரில் சாட்டா வட்டைச் செருகலாம். சாட்டா இணைப்பில் சாஸ் வட்டைச் செருக முடியாதபடி இணைப்பியின் வடிவமே தடுத்துவிடும். ஆனால் செருக முடிகிறது என்பதற்காக எந்த வட்டும் ஆகும் என்று கொள்ளக் கூடாது. மேசைக் கணினிக்கான வட்டு, படிக்க முடியாத ஒரு பகுதி வந்தால், தனியாக இருப்பதாக நினைத்துக்கொண்டு அதை மீட்க நெடுநேரம் திரும்பத் திரும்ப முயலும். கன்ட்ரோலரோ சில வினாடிகள் பதில் இல்லையென்றால் வட்டு இறந்துவிட்டது என்று தீர்மானித்துத் தொகுதியிலிருந்து விலக்கிவிடும். சர்வர் வட்டுகள் ஏறத்தாழ 7 வினாடிகளில் முயற்சியைக் கைவிட்டு "படிக்க முடியவில்லை" என்று ஒப்புக்கொள்ளும். அந்தத் துணுக்கை மற்ற வட்டுகளிலிருந்து கணக்கிட்டுக்கொள்வது கன்ட்ரோலரின் வேலை. தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்த எஸ்எம்ஆர் வகை வட்டுகளைப் பாரிட்டி எனும் மிகைத் தரவு வைக்கும் தொகுதியில் சேர்ப்பதும் இதே காரணத்தால் ஆபத்து: பழுதான வட்டின் தரவை மாற்று வட்டில் தொடர்ந்து எழுத வேண்டிய மறுகட்டமைப்பின்போது அவை நெடுநேரம் திணறி, பழுதானவைபோல நடந்துகொள்ளும். செக்டர் என்பது வட்டு படித்து எழுதும் மிகச் சிறிய அலகு. 512 பைட் செக்டர் வட்டையும் 4,096 பைட் செக்டரை மட்டுமே அறிந்த வட்டையும் ஒரே தொகுதியில் கலக்கப் பெரும்பாலான கன்ட்ரோலர்கள் அனுமதிப்பதில்லை. மாற்று வட்டு வாங்கும்போது இதையும் பார்த்து வாங்க வேண்டும்.

நிலைகளின் தேர்வைப் பற்றிப் பேசுவதற்கு முன், பாரிட்டி எப்படி வேலை செய்கிறது என்பதைச் சில பிட்டுகளை வைத்தே பார்த்துவிடலாம். மூன்று வட்டுகள் கொண்ட ரெய்டு 5 தொகுதியில் முதல் வட்டில் 1011, இரண்டாம் வட்டில் 0110 இருக்கிறது என்போம். இரண்டும் ஒத்துப்போகும் இடத்தில் 0, வேறுபடும் இடத்தில் 1 என்று எழுதினால் 1101 வரும். அதுவே மூன்றாம் வட்டில் உள்ள பாரிட்டி. இரண்டாம் வட்டு பழுதானால், 1011-ஐயும் 1101-ஐயும் அதே விதியில் சேர்த்தால் 0110 திரும்பக் கிடைக்கும். இதுவரை எல்லாப் பாடநூல்களும் சொல்லும். இப்போது முதல் வட்டின் மதிப்பை 0011 என்று மாற்ற வேண்டும். புதிய தரவை முதல் வட்டில் எழுதியாயிற்று; புதிய பாரிட்டியை மூன்றாம் வட்டில் எழுதுவதற்குள் மின்சாரம் போய்விட்டது. மின்சாரம் திரும்பியதும் எல்லாம் சரியாகவே தெரிகிறது: முதல் வட்டில் புதிய தரவு, இரண்டாம் வட்டில் பழைய தரவு, இரண்டுமே படிக்க முடிகிறது. பல வாரம் கழித்து இரண்டாம் வட்டு பழுதாகிறது. கன்ட்ரோலர் 0011-ஐயும் பழைய பாரிட்டியான 1101-ஐயும் சேர்த்து 1110 என்று விடை கண்டு, அதையே இரண்டாம் வட்டின் தரவு என்று கொடுக்கிறது. அங்கே இருந்தது 0110. அன்று யாரும் தொடாத, எழுதச் சொல்லாத ஒரு தரவு கெட்டுவிட்டது. எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை. எழுது ஓட்டை என்று இத்துறையினர் சொல்வது இதைத்தான். பாதியில் நின்ற எழுத்துகளை (எழுதும் செயல்களை) நினைவில் வைத்திருந்து, மின்சாரம் வந்ததும் முடித்துவைக்கும் மின்கல ஆதரவுள்ள கேஷ் எனும் இடைநிலை நினைவகம் இருக்கும் கன்ட்ரோலரில் இந்த ஓட்டை பெரிதும் அடைபடுகிறது. அந்த அட்டைக்குக் கொடுக்கும் கூடுதல் விலையில் கணிசமான பங்கு இதற்காகத்தான் என்பது என் எண்ணம். வேகம் அதோடு சேர்ந்து வரும் ஆதாயம்.

பாரிட்டி நிலைகளில் சிறு எழுத்து ஒன்றுக்கு ஆகும் செலவும் இந்த எடுத்துக்காட்டிலேயே தெரிகிறது. ரெய்டு 5-இல் பழைய தரவையும் பழைய பாரிட்டியையும் படித்து, புதியவை இரண்டையும் எழுத வேண்டும். ஆக நான்கு வட்டுச் செயல்கள். இரண்டு பாரிட்டி வைக்கும் ரெய்டு 6-இல் ஆறு. இரட்டையாக எழுதும் ரெய்டு 10-இல் இரண்டு. வினாடிக்கு ஏறத்தாழ 80 சிதறிய செயல்களைச் செய்யக்கூடிய வன்வட்டுகள் எட்டு இருந்தால் மொத்தம் 640. ரெய்டு 10-இல் அது 320 எழுத்துகளாகவும், ரெய்டு 6-இல் நூற்றுச் சொச்சமாகவும் சுருங்கும். கேஷ் நினைவகம் அடுத்தடுத்த எழுத்துகளைச் சேர்த்துவைத்து, எல்லா வட்டுகளிலும் ஒரே தடவையில் முழு வரிசையாக எழுதினால் பழையதைப் படிக்கும் வேலையே மிச்சமாகும். ஆனால் தரவுத்தளம்போல ஓயாமல் அங்குமிங்கும் எழுதும் பளுவில் கேஷ் நிரம்பியபின் மேற்சொன்ன கணக்கே ஆளும். தரவுத்தளத்துக்கும் மெய்நிகர் கணினிகளுக்கும் ரெய்டு 10, பெரிய கோப்புகளின் கிடங்குக்கு ரெய்டு 6 என்ற நடைமுறை இதிலிருந்து வந்தது.

பெரிய வன்வட்டுகளில் ரெய்டு 5-ஐத் தவிர்க்க வேண்டும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 12 டிபி வட்டுகள் எட்டு கொண்ட ரெய்டு 5 தொகுதியில் ஒன்று பழுதானால், மீதி ஏழு வட்டுகளையும், அதாவது 84 டிபியையும், ஒரு பிழையுமின்றிப் படித்தாக வேண்டும். சாதாரண வட்டுகளுக்கு உற்பத்தியாளர் ஒப்புக்கொள்ளும் பிழை வரம்பு கோடி கோடி பிட்டுகளுக்கு ஒன்று, அது 12.5 டிபிக்கு ஒன்று என்று ஆகும். சர்வர் வட்டுகளுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு, 125 டிபிக்கு ஒன்று. நடைமுறையில் வட்டுகள் இந்த வரம்பைவிட நன்றாகவே நடந்துகொள்கின்றன. இருந்தாலும், காப்பு எதுவும் மிச்சமில்லாத நிலையில் 84 டிபியைப் படிப்பது நம்பி இறங்கும் காரியமாகாது. பிழை வந்தால் சில கன்ட்ரோலர்கள் மறுகட்டமைப்பையே நிறுத்திவிடும். சில, அந்த இடத்தைக் கெட்டது என்று குறித்துவிட்டு மேலே செல்லும். நேரமும் சேர்ந்துகொள்கிறது: 16 டிபி வட்டை வினாடிக்கு 200 எம்பி வேகத்தில் இடைவிடாமல் எழுதினாலும் 80,000 வினாடிகள், அதாவது 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும். சர்வர் தன் வழக்கமான வேலையையும் பார்த்துக்கொண்டிருக்கும். மறுகட்டமைப்புக்குக் கன்ட்ரோலர் ஒதுக்கும் பங்கு மெகாரெய்டு அட்டைகளில் இயல்பாக 30 விழுக்காடு. ஆகவே ஒரு நாள் என்பது பல நாட்களாக நீள்வது வழக்கம்.

பழுதான வட்டின் இடத்தைத் தானாக ஏற்கும் தயார்நிலை வட்டு வைத்தால் போதாதா என்று கேட்கலாம். எட்டு வட்டுகளில் ஏழை ரெய்டு 5 ஆக்கி ஒன்றைத் தயார்நிலையில் விட்டால் கிடைப்பது ஆறு வட்டுகளின் கொள்ளளவு. எட்டையும் ரெய்டு 6 ஆக்கினாலும் அதே ஆறுதான். முதல் ஏற்பாட்டில் எட்டாவது வட்டு பழுது வரும் வரை சும்மா சுற்றிக்கொண்டிருக்கும், வந்தபின் ஒரு நாளுக்கு மேல் படித்து எழுதித் தன் வேலையைத் தொடங்கும். இரண்டாவதில் அது முதல் நாளிலிருந்தே காப்பாக நிற்கிறது. தயார்நிலை வட்டுக்கு உரிய இடம் ரெய்டு 10, அல்லது எளிதில் யாரும் சென்றடைய முடியாத இடத்தில் இருக்கும் ரெய்டு 6.

இனி கேஷ் அமைவு. கன்ட்ரோலரில் 1 முதல் 8 ஜிபி வரை நினைவகம் இருக்கும். ரைட் த்ரூ என்று அமைத்தால், தரவு வட்டைச் சேர்ந்த பிறகே பதில் போகும். ரைட் பேக் என்று அமைத்தால், நினைவகத்தில் ஏறிய உடனே பதில் போய்விடும்; வட்டுக்கு எழுதுவது தன் வசதிப்படி பின்னர் நடக்கும். சிதறிய எழுத்துகளில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பல மடங்கு என்பதால் எல்லாரும் ரைட் பேக்கையே விரும்புவார்கள், விரும்பவும் வேண்டும். அதற்கு மின்கலம் துணை நிற்க வேண்டும் என்பதே நிபந்தனை. பழைய ஏற்பாட்டில் மின்கலம் நினைவகத்துக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும். 72 மணி நேரம் தாங்கும் என்பது பொதுவான கணக்கு. வெள்ளிக்கிழமை இரவு போன மின்சாரம் செவ்வாய்க்கிழமை வந்தால், தரவு இருக்காது. இப்போதைய அட்டைகளில் மின்சாரம் போன கணத்தில், சூப்பர் கெபாசிட்டர் சேர்த்துவைத்த ஆற்றலைக் கொண்டு நினைவகத்தில் உள்ளது முழுவதும் ஃபிளாஷ் நினைவகத்துக்கு நகலெடுக்கப்படுகிறது. அதன் பிறகு நாள் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை.

இங்கே மூன்றாவதாக ஒரு விருப்பமும் பட்டியலில் இருக்கும்: மின்கலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எப்போதும் ரைட் பேக். மின்கலம் சார்ஜ் ஆகாதபோதும், பழுதானபோதும், கன்ட்ரோலர் தானாக ரைட் த்ரூவுக்கு மாறிவிடும், வேகம் சட்டென்று விழும், பயனர்கள் புகார் செய்வார்கள், நிர்வாகி இந்த விருப்பத்தைக் கண்டுபிடித்துத் தேர்ந்தெடுப்பார், வேகம் திரும்பிவிடும், மின்கலத்தை மாற்ற வேண்டும் என்பது மறந்துபோகும். சர்வருக்கு யுபிஎஸ் இருக்கிறதே என்பது வழக்கமான சமாதானம். யுபிஎஸ் காப்பது சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை. சர்வருக்குள் இருக்கும் மின்வழங்கி எரிந்தாலோ, பலகை பழுதானாலோ, யாரேனும் மின் பொத்தானை அழுத்திப் பிடித்தாலோ அதனால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. அழிந்தாலும் திரும்ப உருவாக்கிக்கொள்ளக்கூடிய தற்காலிகத் தரவைத் தவிர வேறு எதற்கும் இந்த விருப்பத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. பழைய மின்கலங்கள் குறிப்பிட்ட இடைவெளியில் தம்மைத் தாமே முழுதும் வடித்து மறுபடி நிரப்பிக்கொள்ளும்; அந்தச் சில மணி நேரங்களில் ரைட் த்ரூ ஆவது இயல்பு. சில வாரங்களுக்கு ஒருமுறை சர்வர் காரணமின்றி மந்தமாகிறது என்றால், கன்ட்ரோலரின் நிகழ்வுப் பதிவில் முதலில் இதைத் தேட வேண்டும்.

இத்தனை கவனத்தையும் வீணாக்கக்கூடிய இன்னொரு அமைவு அதே திரையின் ஓரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு வட்டுக்குள்ளும் சொந்தமாகக் கேஷ் உண்டு. பெரிய வன்வட்டுகளில் அது 256 அல்லது 512 எம்பி இருக்கும். கன்ட்ரோலரின் மின்கலம் கன்ட்ரோலரின் நினைவகத்தை மட்டுமே காக்கும். வட்டுகளுக்கு அது மின்சாரம் கொடுப்பதில்லை. வட்டின் கேஷை இயக்கிவைத்தால், தன் கேஷில் ஏறியதையே எழுதியதாக வட்டு கன்ட்ரோலரிடம் சொல்லும். கன்ட்ரோலர் அதை நம்பித் தன்னிடமிருந்த பிரதியை விட்டுவிடும். மின்சாரம் போகும் கணத்தில் அந்தத் தரவு எங்கும் இருக்காது. சாட்டா வட்டுகளுக்கு இதை இயல்பாகவே இயக்கிவைக்கும் கன்ட்ரோலர்கள் உண்டு என்பதால், அமைவைத் தொடாமல் விடுவதும் ஒரு தேர்வுதான் என்று கொள்ள வேண்டும். வன்வட்டுகளில் அணைத்துவிடுங்கள். மின்னிழப்புக் காப்புக்கான கெபாசிட்டர்கள் உள்ளேயே இருக்கும் சர்வர் எஸ்எஸ்டிகளுக்கு இந்தக் கவலை இல்லை.

ஸ்ட்ரிப் அளவைப் பற்றி இவ்வளவு சொல்ல வேண்டியதில்லை. ஒரு வட்டில் எழுதிவிட்டு அடுத்த வட்டுக்குப் போகும் முன் எவ்வளவு எழுதுவது என்பதே அது. 64 அல்லது 256 கேபி என்று கன்ட்ரோலர் தானே போட்டுக்கொடுப்பதைப் பெரும்பாலோர் மாற்றத் தேவையில்லை. பாரிட்டி தொகுதியில் பெரிய கோப்புகளை எழுதுபவர்கள் மட்டும் கோப்பு முறைமைக்கு அந்த அளவையும் தரவு வட்டுகளின் எண்ணிக்கையையும் தெரிவித்துவிட வேண்டும்: 256 கேபி ஸ்ட்ரிப் கொண்ட எட்டு வட்டு ரெய்டு 6-இல் ஆறு தரவு வட்டுகள், முழு வரிசை 1,536 கேபி. எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமையை உருவாக்கும்போது இதைச் சொன்னால் அது எழுத்துகளை அந்த எல்லைக்கு ஏற்ப அமைக்கும்.

தொகுதியை உருவாக்கியதும் விரைவுத் தொடக்கமா, முழுத் தொடக்கமா என்று கேட்கப்படும். விரைவுத் தொடக்கம் தொடக்கப் பகுதியையும் இறுதிப் பகுதியையும் மட்டும் அழித்துவிட்டு உடனே பயன்படுத்தக் கொடுக்கும். பாரிட்டியைச் சரிசெய்யும் வேலை பின்னணியில் நடக்கும். நேரம் இருந்தால் முழுத் தொடக்கத்தையே நான் பரிந்துரைப்பேன். ஒவ்வொரு வட்டின் ஒவ்வொரு மூலையிலும் ஒருமுறை எழுதிப் பார்த்தாகிவிடும். புதிய வட்டுகளில் குறையுள்ளது எதுவோ, அது தரவு ஏறுவதற்கு முன்பே தன்னைக் காட்டிக்கொள்ளும். ஃபர்ம்வேரைப் புதுப்பிப்பதற்கும் இதுவே நேரம்: வட்டுகள் வெறுமையாக இருக்கும்போது.

கன்ட்ரோலர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் முறை எல்லாச் சூழலுக்கும் பொருந்தாது. இசட்எஃப்எஸ், செஃப் போன்ற சேமிப்பக மென்பொருள்கள் வட்டுகளைத் தாமே நேரடியாகக் கையாளவும், ஒவ்வொரு துண்டுக்கும் சரிபார்ப்புத் தொகை வைத்துப் பிழையைத் தாமே திருத்தவும் வடிவமைக்கப்பட்டவை. அவற்றின் கீழே ரெய்டு கன்ட்ரோலரின் மெய்நிகர் வட்டை வைத்தால், பிழை எந்த வட்டில் என்பதே அவற்றுக்குத் தெரியாது. அங்கே வேண்டியது வட்டுகளை உள்ளபடியே கடத்தும் எச்பிஏ முறை. ஒவ்வொரு வட்டையும் ஒற்றை வட்டு ரெய்டு 0 ஆக்கிக் கொடுப்பது அதற்கு ஈடாகாது. கன்ட்ரோலரின் கேஷ் நடுவில் நிற்கும், வட்டின் உடல்நிலைத் தகவல்களும் பல நேரங்களில் மறைந்துவிடும்.

இயங்குதளத்தை நிறுவும்போது வரும் தடைகள் இரண்டு. வட்டே தெரியவில்லை என்றால் நிறுவல் ஊடகத்தில் அந்தக் கன்ட்ரோலருக்கான டிரைவர் இல்லை. விண்டோஸில் தனியாக ஏற்ற வேண்டியிருக்கும், லினக்ஸ் கருவில் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். இரண்டாவது, வட்டின் பிரிவுகளைக் குறித்துவைக்கும் பழைய எம்பிஆர் பகிர்வு அட்டவணை 512 பைட் செக்டரில் 2.2 டிபிக்கு மேல் எட்டாது. பெரிய தொகுதிக்கு ஜிபிடி அட்டவணையும், அதிலிருந்து விண்டோஸைத் தொடங்க யுஇஎஃப்ஐ முறையும் வேண்டும். இயங்குதளத்துக்கு மட்டும் சிறிய தனி மெய்நிகர் வட்டு ஒன்றை ஒதுக்கிவிட்டால் பின்னாளில் மீண்டும் நிறுவுவதும் எளிது.

அமைத்து முடித்ததும் அட்டையை மறந்துவிடும் பழக்கம்தான் தொகுதிகளை அழிப்பது. ரெய்டு 6 தொகுதி ஒரு வட்டை இழந்தாலும் பயனர்களுக்கு எதுவும் தெரியாது. எச்சரிக்கை மின்னஞ்சல் அமைக்காத சர்வரில் அந்த நிலை ஒரு வருடம் நீடிக்கலாம். மெகாரெய்டு அட்டைகளில் ரோந்து வாசிப்பு இயல்பாக 168 மணி நேரத்துக்கு ஒருமுறை நடந்து, யாரும் படிக்காத பகுதிகளில் ஒளிந்திருக்கும் கெட்ட செக்டர்களை முன்கூட்டியே கண்டுபிடித்துத் திருத்தும்; மறுகட்டமைப்பின்போது அவை முதன்முறையாக வெளிப்படாமல் இருப்பதற்கு இதுவே வழி. ஒத்திசைவுச் சோதனை என்பது வேறு: அது தரவும் பாரிட்டியும் பொருந்துகின்றனவா என்று பார்க்கிறது. பொருந்தாவிட்டால், ரெய்டு 5-இல் தவறு எதில் என்று அதனால் சொல்ல முடியாது. தரவே சரி என்று வைத்துக்கொண்டு பாரிட்டியை மாற்றி எழுதும். மேலே பார்த்த எடுத்துக்காட்டில், இரண்டாம் வட்டு பழுதாவதற்கு முன் இந்தச் சோதனை ஒருமுறை ஓடியிருந்தால், 0011-க்கும் 0110-க்கும் உரிய பாரிட்டியான 0101 எழுதப்பட்டிருக்கும், கேடு நேர்ந்திருக்காது. பொருந்தாமை மீண்டும் மீண்டும் எண்ணிக்கையில் வந்தால் மட்டும், நினைவகத்தையோ கேபிளையோ வட்டு ஒன்றையோ சந்தேகிக்க வேண்டும்.

கன்ட்ரோலரும் ஒருநாள் பழுதாகும். தொகுதியின் அமைவு விவரம் அட்டையில் மட்டுமன்றி ஒவ்வொரு வட்டிலும் எழுதப்பட்டிருக்கிறது என்பதால், அதே வகைப் புதிய அட்டையைப் பொருத்தினால் அது வட்டுகளைப் படித்து "வெளி அமைவு காணப்படுகிறது" என்று அறிவிக்கும். அப்போது இறக்குமதி, அழித்தல் என்ற இரண்டு வாய்ப்புகள் திரையில் அடுத்தடுத்து நிற்கும். அழித்தல் என்பது அந்த அறிவிப்பை அழிப்பது என்று நினைத்துத் தேர்ந்தெடுத்தவர்கள் தொகுதியின் அமைவையே அழித்திருக்கிறார்கள். இறக்குமதி செய்வதற்கு முன் எல்லா வட்டுகளும் பட்டியலில் இருக்கின்றனவா என்று எண்ண வேண்டும். இரண்டு குறைந்தால் கேபிளைப் பார்க்க வேண்டும், பொத்தானை அல்ல. முன்பே விலக்கப்பட்டு அலமாரியில் கிடந்த பழைய வட்டு ஒன்று தவறுதலாகச் செருகப்பட்டிருந்தால், அதன் பழைய விவரமும் வெளி அமைவாகவே தோன்றும்; அதை மட்டும் தனியாக எடுத்துவிட வேண்டும். மெய்நிகர் வட்டு திடீரென மறைந்த நிலையில் கன்ட்ரோலரிடம் எழுதாத தரவு மிச்சமிருந்தால், தொடங்கும்போதே அதைத் தெரிவித்து நிற்கும். வட்டுகளைத் திரும்ப இணைத்தால் அந்தத் தரவு உரிய இடத்தில் எழுதப்படும். நிராகரித்தால், ஏற்கெனவே "எழுதியாயிற்று" என்று சொல்லப்பட்ட பதிவுகள் சில அத்தோடு போய்விடும், தரவுத்தளத்தைக் காப்புப் பிரதியிலிருந்துதான் மீட்க வேண்டியிருக்கும். ஃபிளாஷும் கெபாசிட்டரும் தனிப் பாகமாகக் கழற்றக்கூடிய அட்டைகளில், பழுதான அட்டையிலிருந்து அந்தப் பாகத்தைப் புதியதற்கு மாற்றினால் மிச்சமிருந்த எழுத்துகளும் கூடவே வர வாய்ப்பு உண்டு. அதற்கான முறை அந்தந்த அட்டையின் கையேட்டில் இருக்கும், பழைய அட்டையைக் கழற்றுவதற்கு முன்பே அதைப் படித்துவிட வேண்டும்.